நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு கோட்டு

ஒரே ஒரு பழைய லாரியில் ஆரம்பித்துப் பதினொரு லாரி ஓட்டியவன் நான். சிரம்பானுக்குப் பக்கத்தில் சுங்கை காடுட்டில் பட்டறை போட்டபோது, அந்தச் சேற்றில் தவளைதான் குடியிருக்கும் என்றார்கள்; இன்றைக்கும் அங்கே என் பெயர்ப்பலகைதான் தொங்குகிறது. லுக்குட்டில் கடைவீடு கட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒழுங்காக எழுத வந்ததே முப்பது வயதுக்கு மேல்தான், அதுவும் லாரிச் சீட்டு எழுதி எழுதி. இப்போது என் மகள் பல் டாக்டர். இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்தியிருப்பாள். விஷயப் பிழை இருக்காது.

இத்தனையும் சாதித்தவன் வீட்டுக்கு வந்தால் நீங்கள் முதலில் பார்ப்பது கூடத்துக் கண்ணாடி அலமாரியைத்தான். உள்ளே நூற்றுப் பதினேழு பழைய காமிராக்கள். பெட்டிக் காமிரா, இரட்டைக் கண் காமிரா, துருத்தி வைத்த மரக் காமிரா என்று எல்லாம் உண்டு. கம்பெனிப் பெயர்களை எழுத மாட்டேன். அவர்களுக்கு விளம்பரம் செய்ய எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துதான் அவன் சிரித்தான். அவன் என்றால் என் அக்கா பாக்கியத்தின் பேரன். எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருப்பணி மலருக்கு அவன்தான் செயலாளர். அச்சுக்குப் போகிற பக்கங்களைக் காட்ட வந்திருந்தான். ஒரு பக்கம் நிறைய, அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படங்கள். வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு ஆண்கள்.

"தாத்தா, எல்லாரும் ஒரே கோட்டு! அப்பல்லாம் தோட்டத்துல யூனிஃபார்ம் குடுத்தாங்களா?"

"அது என் கோட்டுடா."

"சும்மா சொல்லாதீங்க லா."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தின் அடியில் பார்த்தேன். 'படங்கள்: தோட்ட நிர்வாகம்' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

முதலில் காமிரா சேகரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தேடிப் போனால் கிடைக்கிற பொருள் இல்லை. நீங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது தானாக வந்து நிற்கும். பெடாஸில் முடி வெட்டப் போனேன்; கடைக்காரர் படிகாரத்தையும் பழைய பிளேடுகளையும் ஒரு பெட்டிக் காமிராவுக்குள் போட்டு வைத்திருந்தார். சிரம்பானில் ஒரு செட்டியார் வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான் ஏற்றப் போனேன். வயலின் பெட்டி என்று நினைத்து அவர்கள் தூக்கிக் கொடுத்ததற்குள் ஜெர்மன் காமிரா தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கழுவாத பிலிம் சுருள் ஒன்று. கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தூங்காமல் காத்திருந்தேன். ஒரு ஜோடி முழங்காலும் ஒரு நாயும் வந்தன. முழங்கால் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நாய் நல்ல நாய்.

ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு வாடை உண்டு. சிலதில் தோல் வாடை, சிலதில் கற்பூரம். ஒன்றில் மட்டும், துருத்தியை இழுத்துத் திறந்தால், புளித்த வாடை வரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாடை எங்கே இருக்கும், உங்கள் மூக்கில்தான் இருக்கிறது என்பாள் மகள். இருக்கட்டும். அந்த வாடை எங்கே இருந்தாலும் எனக்கு ரப்பர் ஸ்டோர் வந்துவிடும்.

பெடாஸுக்கு உள்ளே தள்ளி இருந்த தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. மரத்திலிருந்து வருகிற பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்தால் சீனர்களின் தௌஃபூ கட்டி மாதிரி உறையும். அதை மெஷினில் கொடுத்து ஷீட்டாக அடித்துப் புகைக்கூட்டில் தொங்கவிடுவோம். அந்த மெஷின் உருளை ஒருநாள் என் வலது கட்டைவிரலைக் கடித்து, ரேகைக்குக் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு போட்டுவிட்டது. ஆசிட் வாடை கையை விட்டுப் போகாது. கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இலையில் ஊறுகாயைத் தேடுவார்கள்.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம், காட்டுக்குள் இருந்த, பெரும்பாலும் சீனர்களான கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட வருஷங்கள். எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட்டு, கேட்டில் சோதனை. வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தோம். அப்புறம் எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், தோட்டத்துக் கணக்கர் கிராணியார் சத்தம் போட்டுச் சொன்னார்.

"போட்டா இல்லாதவன் கேட்டத் தாண்ட முடியாது. கேட்டத் தாண்டாதவனுக்கு அன்னிக்குப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது. பனியனோட எடுத்த போட்டாவுக்குத் தொரை கையெழுத்துப் போட மாட்டாரு. புரியுதா?"

படம் எடுக்கப் பெடாஸிலிருந்து ஆ ஹோங் வந்தார். முன்பல் ஒன்று விழுந்த சீனர், முப்பத்தைந்து வயது இருக்கும். சைக்கிளின் பின்னால் மரக் காமிரா, முக்காலி, தகரப் பெட்டியில் மருந்துப் பாட்டில்கள். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். முதலாளி என்ற அர்த்தத்தில் நாங்கள் அவரைத் 'தவுக்கே' என்போம். கேட்டுக் காவலாளி ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் வாய்க்காலில் கொட்டிவிட்டான். ஆ ஹோங் வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அலமாக், தம்பி! அது இல்லன்னா போட்டா நிக்காது லா. கறுத்துக்கிட்டே போவும். எல்லார் மூஞ்சியும் கரி."

காலிப் பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். என் கை வாடை!

"தவுக்கே, இது எங்க ஸ்டோர்ல பீப்பா பீப்பாயா இருக்கு லா."

அவர் நம்பவில்லை. மூன்றாம் வகுப்புக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தேன். வீரியம் தெரியாமல் முதலில் அதிகமாக ஊற்றிவிட்டோம். முதல் படம் கங்காணியுடையது. காகிதம் பொங்கி, முகம் முழுக்கக் கொப்புளம்.

"எவன்டா என் மொகத்துல மாரியாத்தாவ எறக்குனது?" என்று கங்காணி கத்தியது லயத்துக் கோடி வரைக்கும் கேட்டது.

ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கரண்டி என்ற கணக்கை நான்தான் கண்டுபிடித்தேன். இருட்டறைக்குப் புகைக்கூட்டில் ஜன்னல் இல்லாத காலி அறையைக் காட்டியதும் நான்தான். ரப்பர் ஷீட் தொங்கும் கொம்புகளில் எங்கள் ஆட்களின் முகங்கள் வரிசையாகத் தொங்கின. காய்ந்து வந்த படங்களில் புகை வாடை அடித்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது. முதல் நாள் எடுத்த படங்களில் எல்லார் தலைக்குப் பின்னாலும் வெள்ளையாக ஓர் ஒளி. சாமி படம் மாதிரி இருக்கிறது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆ ஹோங் தலையில் கை வைத்துக்கொண்டார். துருத்தியின் மடிப்பில் விரிசல் விட்டு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. நான் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ரப்பர் பால் எடுத்து வந்து, விரிசலில் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறுகியதும் விரலை எடுத்தால் ரேகை அப்படியே பதிந்திருந்தது, குறுக்கே அந்தச் சாய்ந்த கோட்டோடு.

"பாரு, உன் சாப்பு விழுந்திடுச்சு லா," என்று ஆ ஹோங் ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். சாப்பு என்றால் முத்திரை. எனக்கு அப்போது கையெழுத்து வராது.

இனி கோட்டு. பெரும்பாலான ஆண்களிடம் இருந்ததெல்லாம் பால் கறை ஏறி அட்டை மாதிரி விறைத்த வேலைச் சட்டைதான். என்னிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. பெடாஸில் பழந்துணிக் குவியலுக்குள் நான் கண்டெடுத்த பொக்கிஷம். இடது மார்புப் பக்கத்தில் சுருட்டு சுட்ட ஓட்டை, பொத்தான் அளவுக்கு. தீபாவளிக்குத் தீபாவளி போட்டுக்கொள்வேன். 'எல்லாரும் இதையே போட்டுக்கிட்டு எடுங்க' என்று சொன்னது நான். ஒரு வெற்றிலைகூட யாரிடமும் வாங்கவில்லை. ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் மடித்துத் துணிக்கவ்வி போட்டோம். வேலை மேற்பார்க்கிற மண்டோருக்குத் தொப்பையில் பொத்தான் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். படத்தில் அவர் கண் பிதுங்கியிருப்பதற்கு அதுதான் காரணம். பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, அவரவர் சேலை அவரவருக்கு.

என் அக்கா புருஷன் ராசப்பன் மாமா, கோட்டைப் போட்டதும் நடையே மாறிப்போனார்.

"மாப்ள, இப்ப நான் தொரை மாதிரி இல்ல?"

ஏழு மாத வயிற்றோடு இருந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "தொரைக்குக் கால்ல செருப்பக் காணோம்."

அட்டைகள் வந்தன. ஒரு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவும் இன்னும் நாலு பேரும் லாரியில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனார்கள். சடக்கில், டவுன் ரோட்டில், போலீஸ் தடுப்பு. மலாய்க் கார்ப்பரல் முதல் அட்டையைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்ததும் கூவினார்: "சாமா! செமுவா சாமா!" எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதாம். அதே கோட்டு, அதே இடத்தில் அதே ஓட்டை. காட்டுக்காரர்கள் கள்ள அட்டை செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு நடந்த நேரம். எங்கோ ஒரு குகையில் ஒரே கோட்டை வைத்துக்கொண்டு யாரோ அட்டை அடிக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஐந்து பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். அந்தக் கட்டடமும் இப்போது இல்லை.

இரண்டாம் நாள் கிராணியார் செய்தி கொண்டுவந்தார். தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள்; அங்கேயிருந்து கப்பல், இந்தியாவுக்கு. மாமா எங்கள் லயத்தில் பிறந்தவர். இந்தியாவில் எந்த ஊரில் இறங்குவது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

"ஒன் கோட்டாலதான்டா! அதத் தூக்கி அடுப்புல போடு!"

"எரிச்சா சாட்சி போயிடும்க்கா."

"சாட்சியா? அப்ப அத நீயே மாட்டிக்கிட்டுப் போ. எம் புருஷன இங்க அனுப்பிட்டு நீ கப்பல் ஏறு. அவரு வராம நான் புள்ள பெத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் சொன்னதையே செய்தேன். கிராணியாரிடம் வெளிச்சீட்டு வாங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு போத்தல் ஆசிட்டோடு கிளம்பினேன். முதலில் ஆ ஹோங் கடைக்குப் போனேன். அவர் கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ் லா, தம்பி. நான் சீனன். போனா பேரு எழுதுவான்."

"அக்காவுக்கு நிறைமாசம், தவுக்கே. கப்பல்ல ஏத்திடுவாங்களாம்."

துடைத்த துணியை உதறி மடித்தார். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்தினார். காமிராவைச் சைக்கிளில் கட்டினார். "ஏறு," என்றார்.

ஸ்டேஷன் வாசலில் என்னைக் கண்டதும் கார்ப்பரல் துள்ளினார். "லாகி சாத்து!" இன்னொருத்தன் என்று அர்த்தம். சட்டைக் காலரை, தப்பு, கோட்டுக் காலரைப் பிடித்து வெள்ளைக்கார அதிகாரி முன்னால் நிறுத்தினார். நடுவே மொழிபெயர்க்க ஒரு டவுன் தமிழர், நெற்றியில் விபூதி, நடு வகிடு.

"என்னய்யா ஒளர்ற? நாப்பத்திரண்டு பேருக்கு ஒரு கோட்டா? தொரை நம்ப மாட்டாரு."

"நம்பலன்னா இதே கோட்ட இங்க யாருக்காச்சும் போட்டு எடுத்துக் காட்டுறோம்னு சொல்லுங்க. அவருக்கே வேணும்னாலும் சரி."

கடைசி வரியை அவர் மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன். கார்ப்பரலுக்குத்தான் கோட்டைப் போட்டார்கள். ஆ ஹோங் முற்றத்தில் வைத்துப் படம் எடுத்தார். குளியலறை ஜன்னலைக் கம்பளியால் மூடிக் கழுவினோம். அரைக் கரண்டிக் கணக்கு என்னைக் கைவிடவில்லை. ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை ஐந்து அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறு முகம், ஒரு கோட்டு. அதிகாரி படங்களைப் பார்த்தார், கார்ப்பரலைப் பார்த்தார். கோட்டை வாங்கி அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஏதோ முணுமுணுத்தார்.

"போகச் சொல்றாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஐந்து பேரும் வந்தார்கள். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் படி இறங்கினார். உள்ளே அதிகாரி ஒரு நோட்டைத் திறந்து ஆ ஹோங்கைக் கேட்க ஆரம்பித்திருந்தார். பெயர், கடை, வேறு யார் யாருக்குப் படம் எடுத்தாய். அது எங்கள் விசாரணையைவிட நீளமாகப் போனது. நாங்கள் காத்திருக்கவில்லை. லாரி கிளம்புகிற அவசரம் என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மாமா சாகும்வரை இந்தக் கதையைச் சொன்னார், வெள்ளைக்காரனிடம் தானே வாதாடி வெளியே வந்ததாக. கதையில் கோட்டு வரும். நான் வரமாட்டேன். ஆ ஹோங்கும் வரமாட்டார்.

சில மாதம் கழித்துப் பெடாஸ் போனபோது ஆ ஹோங் கடையில் பலகை அடித்திருந்தது. சீனர்களுக்கென்று வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் ஒருவர். சீனாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எங்கள் மாமாவுக்கு விழவேண்டிய கப்பல் சீட்டு அவருக்கு விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால் என் பேரையும் எழுதுவார்கள். நான் கேட்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்போது எனக்கு மூன்று லாரி. ஒரு நட்டு தேடி லுக்குட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குள் நுழைந்தேன். மெக்கானிக் ஒரு மரப்பெட்டியில் பழைய பிளக்குகளைப் போட்டு வைத்திருந்தார். பெட்டியின் முன்னால் ஒரு துருத்தி நசுங்கிக் கிடந்தது. மடிப்பில் பழுப்பாக, பிசின் மாதிரி இறுகிய ஓர் ஒட்டு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ரேகை. குறுக்கே சாய்ந்த கோடு. கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன். ரப்பர் சுருங்கியிருந்தது, அல்லது என் விரல் தடித்திருந்தது. கோடு மட்டும் என் விரல் கோட்டோடு பொருந்தியது.

"என்னா அண்ணே, என் கடையில கைநாட்டு வெக்கிறீங்க?" என்றார் மெக்கானிக்.

போர்ட்டிக்சன் பக்கம் ஒரு வீட்டுக் குப்பையோடு வந்தது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என் முதல் காமிரா. மற்ற நூற்றுப் பதினாறும் அதற்குப் பிறகு வந்தவை. ஒவ்வொரு பழைய சாமான் கடையிலும் ஆ ஹோங் என்று ஒரு போட்டோக்காரரைத் தெரியுமா என்று கேட்பேன். ஆ ஹோங் என்ற பேரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பார்கள். அதுவும் சரிதான்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். புகைக்கூடு இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். லயத்தில் நின்ற நாற்பத்திரண்டு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம். கோட்டைப் பூச்சி தின்றுவிட்டது. போன வருஷம் என் அடையாள அட்டையை, ஐ.சி.யை, மாற்றப் போனபோது, கறுப்புச் சட்டை போட்டு வராதவர்களுக்கென்று படம் எடுக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். யாரையும் யாரும் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், இந்த யோசனைக்கு முதல் சொந்தக்காரன் நான் என்று சொன்னேன். "அங்கள், நேரா பாருங்க," என்றாள்.

ஆகவே மலர்க் குழுவுக்கு, முக்கியமாகச் சிரித்த செயலாளருக்கு: உன் தாத்தா ராசப்பன் கப்பல் ஏறியிருந்தால் என் கூடத்தில் உட்கார்ந்து நீ சிரித்திருக்க முடியாது. 'தோட்ட நிர்வாகம்' என்பதை அடித்துவிடு. நிர்வாகம் கொடுத்தது ஒரு காலி அறை, அதுவும் நான் காட்டியது. 'படம் எடுத்தவர் ஆ ஹோங், பெடாஸ்' என்று போடு. அதே வரியில், கோட்டு, ஆசிட், துருத்தி ஒட்டு என்று போட்டு என் பேரைப் போடு. சந்தேகம் இருந்தால் துருத்திக் காமிராவையும் என் கட்டைவிரலையும் கொண்டுவருகிறேன், பூதக்கண்ணாடி நீ கொண்டு வா. பக்கத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதே. ஒரே கோட்டுக்குள் நாற்பத்திரண்டு பேர் நுழைந்தோம். ஒரே வரிக்குள் இரண்டு பேர் நுழைய இடமா இல்லை?